கிரீக்கோடு முடிந்துவிட்டதா நோர்வேயின் இசை? ஹரால்ட் சேவெருட் குறித்து

வாசகர் ஒருவர், 4 பெப்ரவரி

நோர்வே என்றால் இசையமைப்பாளர் கிரீக். அவர் 1907இல் இறந்தார். அதற்குப் பிறகு அந்த நாட்டிலிருந்து கேட்டே ஆகவேண்டிய இசை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. சேவெருட் என்று ஒருவரைச் சிலர் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஜேர்மன் ஆக்கிரமிப்பு, எதிர்ப்பு இயக்கம், நாட்டுப்பற்று, இவற்றை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்?

4 பெப்ரவரி, இரவு

நிறையவே மிஞ்சும். நான் பேர்கனில் வசிக்கிறேன், இந்த மனிதரின் ஊரில். அவருடைய இசையைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். இந்தக் கேள்வியை நோர்வேக்காரர்களே என்னிடம் கேட்டதுண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹரால்ட் சேவெருட் 1897 ஏப்ரல் 17இல் பேர்கன் நகரின் நோர்ட்னெஸ் பகுதியில் பிறந்தார். பழைய காலத்தில் மரண தண்டனை நிறைவேற்றிய இடம் அது. 1992 மார்ச்சில், 94 வயதில் இறந்தார். ஒன்பது சிம்பொனிகள் எழுதினார். பியானோவுக்கும் வயலினுக்கும், ஓபோ, பஸூன் என்ற ஊதுகருவிகளுக்கும் கொன்செர்ட்டோக்கள் (ஒரு தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பவை), குட்டிக் குட்டியாக ஏராளமான பியானோத் துண்டுகள், முதுமையில் மூன்று நால்வர் இசைகள் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ). கிரீக் இறந்தபோது இவருக்குப் பத்து வயது. போர் தொடங்கியபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். போர்தான் அவரை உருவாக்கியது என்று சொல்ல முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஆனால் கணக்கால் யாரும் இசையை நம்பப்போவதில்லை. நாளை இசைக்கே வருகிறேன்.

5 பெப்ரவரி

முதலில் எல்லோரும் சொல்லும் அந்தத் துண்டு. ‘ஷெம்பெவிஸெஸ்லொத்தன்’. 1943. கதை இங்கே பலருக்கும் தெரியும்: பயணம் போகும்போது, அழகான மலைச்சாரலில் ஜேர்மன் படையினரின் தங்குகொட்டகைகள் எழுந்து நிற்பதைப் பார்க்கிறார். கோபம் கொதிக்கிறது. அந்தக் கோபத்திலேயே மெட்டு வந்துவிடுகிறது. உள்நாட்டு எதிர்ப்பு முன்னணியின் பெரிய, சிறிய வீரர்களுக்கு என்று அதைக் காணிக்கையாக்கினார்.

நான் இந்தக் கதை எதுவும் தெரியாமல்தான் முதலில் அதைக் கேட்டேன். சமையலறையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பைக் கவனிக்கவில்லை. தாழ்ந்த சுரங்களில் ஏதோ ஒன்று நடக்கத் தொடங்கியது. உரத்த நடையில்லை, அடக்கி வைத்த நடை. அதன்மேல் ஒரு மெட்டு, மிகச் சின்னது, ஏறத்தாழ முணுமுணுப்பு. அது மீண்டும் வந்தது. மறுபடியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கனம் கூடியது, கொஞ்சம் முரட்டுத்தனம் கூடியது, பக்கத்தில் ஒரு முரண் சுரம் வந்து உட்கார்ந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். முடிவில் முழு இசைக்குழுவும் ஒரே இடத்தில் அடி அடியென்று அடிக்கும்போது, இது யார் எழுதியது, எப்போது, எதற்கு என்று ஒன்றும் தெரியாத எனக்கு, அடக்கப்பட்ட ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

வாசகர் கேட்டார், நாட்டுப்பற்றை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று. நான் அதை எடுத்துவிட்டுத்தான் கேட்டேன். மிஞ்சியது இதுதான்.

5 பெப்ரவரி, பின்னிரவு

ஒன்றைச் சேர்க்க வேண்டும். இது முதலில் பியானோத் துண்டு. ‘சில்யுஸ்தோல் ஆட்டப் பண்களும் பாட்டுகளும்’ என்ற தொகுதியில், ஓபஸ் 22இன் ஐந்தாவது (ஓபஸ் என்பது ஓர் இசையமைப்பாளரின் படைப்புகளுக்கு இடும் வரிசை எண்). இசைக்குழு வடிவம்தான் புகழ்பெற்றது. எனக்கு இப்போதெல்லாம் பியானோ வடிவமே கூடப் பிடிக்கிறது. இசைக்குழுவில் கனம் கூட்டுவதற்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்: பித்தளை வாத்தியங்கள், முரசுகள். பியானோவில் இருப்பது பத்து விரல்கள் மட்டுமே. அந்தப் பத்து விரலும் தாங்க முடியாத அளவுக்குப் போகிறபோது மனிதக் கோபத்தின் அளவு கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது.

9 பெப்ரவரி

வேறொருவர் எழுதியிருக்கிறார்: “ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பிச் சத்தத்தைக் கூட்டுவது ராவெல் 1928இலேயே ‘பொலேரோ’வில் செய்துவிட்ட வேலைதானே.”

இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். ‘பொலேரோ’வில் மெட்டு கடைசிவரை அப்படியே இருக்கிறது. அதை ஏந்திவரும் வாத்தியங்கள்தான் மாறுகின்றன. ராவெல் விரும்பியதும் அதுவே, அவர் அதில் பெரிய கலைஞர். சேவெருட்டிடம் மெட்டுக்கே ஏதோ நேர்கிறது. ஆட்டுக்கல் ஒரே வட்டத்தில்தான் சுற்றுகிறது. உள்ளே இருப்பது ஒவ்வொரு சுற்றிலும் வேறாகிக்கொண்டே இருக்கிறது. சேவெருட்டின் திருப்பங்கள் அப்படிப்பட்டவை.

இங்கேதான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் வருகிறது. இந்த முறை போரில் பிறந்ததல்ல. 1930களின் தொடக்கத்தில் இசைக்குழுவுக்காக ‘ஐம்பது சிறு மாறுபாடுகள்’ என்று ஓபஸ் 8ஐ எழுதினார். ஒரு துளி மெட்டு, அதற்கு ஐம்பது முகங்கள். பல மாறுபாடுகள் சில நொடிகளிலேயே முடிந்துபோகின்றன. அடுத்து வந்த ஓபஸ் 9இன் பெயரே ‘கான்டோ ஒஸ்டினாட்டோ’. விடாப்பிடியாகச் சுழலும் பாட்டு. அப்போது நோர்வேயில் எந்த அந்நியப் படையும் இல்லை. சில்யுஸ்தோல் வீடும் கட்டப்படவில்லை.

ஒரு சிறு கருவை எடுத்து, அதை விடாமல் பிடித்து, அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே வரவைப்பது. பத்தாண்டு காலம் இந்தக் கைவேலையைத்தான் அவர் பழகிக்கொண்டிருந்தார். 1940 ஏப்ரலில் படைகள் வந்து இறங்கியபோது, பிடிவாதத்தை இசையாக்கத் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தார். கோபம் எல்லோருக்கும் வந்தது. அந்த ஆண்டுகளில் நாட்டுப்பற்றோடு எழுதியவர்கள் பலர். இன்று அந்த எழுத்தில் பெரும்பகுதியை யாரும் வாசிப்பதில்லை. இவருடையது நிலைத்ததற்குக் காரணம் அந்தப் பத்தாண்டுப் பழக்கம்.

10 பெப்ரவரி

ஆறாவது சிம்பொனி. ‘சின்ஃபோனியா டொலொரோசா’, 1942, ஓபஸ் 19. எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து ஜேர்மானியரால் கொல்லப்பட்ட நண்பர் ஆவுடுன் லாவிக்குக்குக் காணிக்கை. ஒரே பகுதிதான், கால் மணி நேரம்கூட வராது. சிம்பொனி என்றால் நான்கு பகுதி, முக்கால் மணி நேரம் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஆரம்பிக்கும்போதே முடிந்துவிட்டது போலிருக்கும்.

இதை ஓர் இரங்கல் இசை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இரங்கல் இசையில் ஓரிடத்திலாவது ஆறுதல் இருக்கும். இதில் துயரம் தன்னைத் தானே தள்ளிக்கொண்டு மேலே ஏறுகிறது, ஏறி உடைகிறது. நானும் ஒரு போரிலிருந்து வந்தவன். செய்தி வந்த நாட்களில் மனம் எப்படி வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் அது முன்பைவிடப் பாரமாக இருக்கும். அதை இவ்வளவு உண்மையாக வேறு எந்த இசையிலும் நான் கேட்டதில்லை. இதற்குமேல் இதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

11 பெப்ரவரி

கேட்டவருக்காக: ஐந்தாவது 1941, ஆறாவது 1942, ஏழாவது 1945. மூன்றையும் போர்க்காலச் சிம்பொனிகள் என்று சேர்த்துச் சொல்கிறார்கள். ஏழாவதன் பெயர் ‘சால்மெ’, துதிப்பாடல். விடுதலை கிடைத்த ஆண்டு அது. ஆரவாரக் கொண்டாட்டத்தை எதிர்பார்த்துப் போக வேண்டாம். நன்றி சொல்வதற்குமுன் எவ்வளவு மௌனம் தேவைப்படுகிறது என்பதைத்தான் அதில் அதிகம் கேட்கிறேன்.

16 பெப்ரவரி

சில்யுஸ்தோல் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அவருடைய வீடு. பேர்கனுக்குத் தெற்கே, பாறையும் சதுப்பும் காடுமாக ஒரு பெருநிலம். அதன் நடுவே கல்லும் மரமும் கொண்டு எழுப்பிய மாளிகை, அறுபதுக்கும் மேற்பட்ட அறைகள். 1939இல் குடியேறினார்கள். இசை எழுதுகிறவரிடம் அவ்வளவு பணம் ஏது என்று கேட்பீர்கள். பணம் மனைவி மரீ வோஸ்லெஃப் வழியாக வந்தது. அமெரிக்காவில் பிறந்தவர். மகன்களில் ஒருவரான கெத்தில் வோஸ்லெஃப்பும் இசையமைப்பாளர், 1939இல் பிறந்தவர், தாயின் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டவர். இப்போது அந்த வீடு அருங்காட்சியகம். சேவெருட்டின் கல்லறையும் அந்த நிலத்திலேயே இருக்கிறது.

கோடையில் அங்கே பலமுறை நடந்திருக்கிறேன். உள்ளே போய்ப் பியானோவைப் பார்ப்பதைவிட வெளியே நடப்பதில்தான் அவருடைய இசைக்கு அருகில் போகிறோம் என்று நினைக்கிறேன். இது கிரீக்கின் படங்களில் வரும் நோர்வே அல்ல. அகன்ற பனிமலைக் காட்சி எதுவும் கண்முன் விரியாது. கால் வைக்கும் இடமெல்லாம் பாசி, ஈரவேர், திடீரென்று ஒரு பாறை, அதைச் சுற்றிப் போனால் இன்னொரு பாறை. கண் தூரத்துக்குப் போகாமல் காலடியிலேயே நிற்கிறது. சில்யுஸ்தோல் பியானோத் துண்டுகளும் இப்படித்தான். மிக அருகிலிருந்து பார்த்து எழுதியவை.

ட்ரோல்ட்ஹவுகன், அதாவது கிரீக்கின் வீடு, அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். சுற்றுலாப் பேருந்துகள் அங்கே வரிசையாக நிற்கும். இங்கே நாய் கூட்டிவரும் உள்ளூர்க்காரர்கள்.

17 பெப்ரவரி

“அப்படியானால் நாட்டுப்புற மெட்டுகளை எடுத்து வேலை செய்தவர்தானே, கிரீக் மாதிரி?” என்று கேட்டவருக்கு: இல்லை. ஆட்டப் பண் என்று பெயர் வைத்தாலும் மெட்டுகள் அவருடையவை. ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தவர் இன்னொருவர், கெய்ர் த்வெய்ட். ஹார்டங்கர் பகுதியோடு வேரோடியவர், 1908இல் பிறந்தவர். அந்தப் பகுதியின் மெட்டுகளை வைத்து ‘நூறு ஹார்டங்கர் மெட்டுகள்’ என்று இசைக்குழுவுக்கு எழுதினார். ஹார்டங்கர் பிடிலுக்கே இரண்டு கொன்செர்ட்டோ எழுதினார். 1970இல் அவருடைய பண்ணை வீடு எரிந்தது. அவர் எழுதியதில் பெரும்பங்கு அந்தத் தீயிலேயே போயிற்று. அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே நுழைத்தால் நியாயமாகாது.

மூன்றாமவர் ஃபார்டெய்ன் வாலன், 1887 முதல் 1952 வரை. மிஷனரி ஒருவரின் மகன், சிறுவயதில் சில ஆண்டுகள் மடகாஸ்கரில் வளர்ந்தவர். மேற்குக் கரையில் ஒதுங்கி வாழ்ந்துகொண்டு, சுருதி மையம் இல்லாத இசையைத் தனியாகவே கண்டடைந்தார். அவருடைய ‘கடலோரக் கல்லறை’யைக் கேட்டவர்கள் கிரீக்கோடு எல்லாம் முடிந்தது என்று சொல்லமாட்டார்கள். மூன்று பேர், ஒரே கரை, மூன்றும் மூன்று திசை. இழையின் முதல் கேள்விக்கு இது ஒன்றே போதுமான பதில் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் சேவெருட்டை விட்டுப் போக மனமில்லை.

2 மார்ச்

இனி ‘பேர் கின்ட்’. இதைத்தான் எழுத வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோர்வே நாடகாசிரியர் இப்சனின் இந்த நாடகத்துக்கு, இப்சனே கேட்டுக்கொண்டபடி கிரீக் இசை எழுதினார். 1876இல் மேடையேறியது. அதற்குப் பிறகு அந்த நாடகத்தை நினைத்தால் ‘காலை’ மெட்டுதான் காதில் வரும் என்ற நிலை. போருக்குப் பின் ஒஸ்லோவில் ஹான்ஸ் யாக்கொப் நில்சன் என்ற நடிகர், இயக்குநர், நாடகத்தை அந்தப் பொன்முலாமிலிருந்து மீட்க முடிவு செய்தார். நாடகம் பேர் என்ற ஒரு சுயநலக்காரனைப் பற்றியது, தன்னிடமிருந்தே தப்பி ஓடுகிறவனைப் பற்றியது. இனிய இயற்கைக் காட்சிகளுக்கு அதில் வேலை இல்லை. நாடகத்தை நூநொஷ்க்கில் (நோர்வே மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்று) பேசவைத்து, புது இசைக்குச் சேவெருட்டைக் கேட்டார். 1948இல் ஒஸ்லோவின் ‘தெத் நொஷ்கெ தியாத்ரெ’ என்ற நாடக அரங்கில் மேடையேறியது. ஓபஸ் 28.

முதல் தடவை கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பேருக்காகக் காத்திருக்கும் சூல்வெய் என்ற பெண் பாடும் இடத்துக்காகக் காத்திருந்தேன், கிரீக்கின் சூல்வெய் மனதில் அவ்வளவு ஆழமாக இருந்தாள். சேவெருட்டின் சூல்வெய் வேறு ஒருத்தி. அழுது கரையும் பெண் இல்லை. தன் முடிவில் உறுதியாக இருக்கிறாள், பாட்டும் அதேபோல் குறைந்த அலங்காரத்தோடு நிற்கிறது. பூதங்களின் இடம் வரும்போது, கிரீக்கின் மலையரசன் மண்டபத்தில் இருக்கும் குழந்தைக்கதை உற்சாகம் இங்கே இல்லை. டோவ்ரெ பூதங்கள் குலுங்கிக் குலுங்கி ஓடுகின்றன, அருவருப்பாக, தங்களைப் பற்றிய முழுத் திருப்தியோடு. நான்காம் அங்கத்தில் பல நாட்டு விருந்தாளிகள் பேரோடு உட்கார்ந்திருக்கும் காட்சிக்குக் ‘கலப்புக் கூட்டம்’ என்று ஒன்று. அந்தந்த நாட்டு மெட்டுகளின் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொள்கின்றன. போர் முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகாத நகரத்தில் அந்தக் காட்சி எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘போய்கனுக்கு எதிரான துதி’. போய்கன் என்பது இருட்டில் பேரை மறிக்கும் உருவமற்ற ஒன்று. வெட்டினால் வெட்டுப்படாது, சுற்றிப் போ என்று மட்டும் சொல்லும். பேரின் வாழ்க்கை முழுவதும் அந்தச் சுற்றிப் போதல்தான். தேவாலய மணியும் பெண்களின் துதிப்பாடலும் கேட்கும்போதுதான் அது சுருங்கிப்போகிறது. ஆக்கிரமிப்புக் காலத்தில் சுற்றிப் போகச் சொன்ன குரல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கேட்டிருக்கும். சேவெருட் அந்தத் துதியைச் சாதாரணப் பக்திப் பாட்டாக எழுதவில்லை. எதிரே நிற்கும் ஒன்றைத் தள்ளிக்கொண்டு முன்னேறும் பாட்டாக எழுதினார். இதைக் கேட்ட பிறகுதான் நாடகத்தில் அந்தக் காட்சி ஏன் இருக்கிறது என்பதே எனக்குப் புரிந்தது.

3 மார்ச்

நேற்று எழுதியதை வாசித்தால் கிரீக்கைக் குறைத்தது போலத் தெரிகிறது. அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். நாம் எல்லோரும் அறிந்த கிரீக்கின் ‘பேர் கின்ட்’ என்பது அவர் கச்சேரிக்காகத் தனியே எடுத்து அடுக்கிய இரண்டு தொகுதிகள், ஓபஸ் 46உம் 55உம். நாடகத்துக்கு எழுதிய முழு இசை அச்சில் வந்ததே அவர் இறந்த பிறகு, 1908இல். முழு இசையில் பேச்சோடு பின்னிய பகுதிகள், கோரஸ், கூச்சல் எல்லாம் இருக்கின்றன. அதில் பல்லும் நகமும் உண்டு. மலையரசன் மண்டபத்தைப் பற்றிக் கிரீக்கே தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தம்மாலேயே கேட்கச் சகிக்கவில்லை என்று சொன்னவர். வேண்டுமென்றே மிகையாக்கிய நோர்வேத்தனம் அது. தொகுதியாகப் பிரித்து எடுத்தபோது அந்தக் கூர்மை போய், இனிமை மட்டும் உலகம் சுற்றியது. ‘காலை’ மெட்டுகூட நாடகத்தில் மொரோக்கோக் கரையின் விடியல்தான், நோர்வே ஃபியோர்டு அல்ல.

ஆகவே 1948இல் சேவெருட் மோதியது கிரீக்கோடு என்பதைவிட, கிரீக்கைப் பற்றி எழுபது ஆண்டுகளில் சேர்ந்துவிட்ட பழக்கத்தோடு. இரண்டு முழு இசைகளையும் கேட்டால் இருவருக்கும் இடையே நாம் நினைப்பதைவிடத் தூரம் குறைவு.

8 மார்ச்

ஒரு தங்கை கேட்டிருக்கிறார், பியானோ படிக்கும் பிள்ளைக்கு இவரிடம் ஏதாவது உண்டா என்று. இருக்கிறது, அழகானது இருக்கிறது. ஓபஸ் 14இன் ஏழாவது, ‘ரொண்டோ அமொரோசோ’. எளிய துண்டுகள் என்ற தொகுதியில் வருவது. என் மகள் இசைப்பள்ளியில் படிக்கும்போது வாசித்தாள். சுரங்களைப் பிடிப்பது கடினமில்லை. கடினம் வேறு இடத்தில். இவ்வளவு குறைவான சுரங்களை வைத்துக்கொண்டு மென்மையாக இருப்பதும், அதே நேரம் குழைந்துவிடாமல் இருப்பதும். மகள் முதலில் பெடலை அழுத்தி எல்லாவற்றையும் ஒன்றாகக் கரைத்தாள், காதல் என்று பெயரில் இருக்கிறதே என்று. ஆசிரியர் பெடலிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். உடனே துண்டு மாறிவிட்டது. வெட்கப்படும் ஒருவர் பேசுவது போல இடையிடையே நின்று நின்று வந்தது.

‘ஷெம்பெவிஸெஸ்லொத்தன்’ எழுதிய அதே கைதான் இது. திரும்பி வரும் சிறு மெட்டு இங்கேயும் இருக்கிறது. அங்கே அது கனம் சேர்த்துக்கொண்டே போகிறது; இங்கே ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தயங்குகிறது. பெப்ரவரி 9ஆம் தேதி நான் எழுதியதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. முறை ஒன்று, அது சுமக்கும் உணர்வு எதுவாகவும் இருக்கலாம்.

9 மார்ச்

பதிவுகள் கேட்டவர்களுக்கு: சிம்பொனிகளுக்கு ஸ்தவாங்கர் சிம்பொனி இசைக்குழுவின் வரிசை, ஒலே கிறிஸ்தியன் ரூட் நடத்தியதும் அலெக்சாந்தர் த்மித்ரியெவ் நடத்தியதும். பியானோவுக்கு எய்னார் ஹென்னிங் ஸ்மேப்யெ, யான் ஹென்றிக் கைசர். முதலில் கைசரைக் கேளுங்கள், அதில் அவசரமே இல்லை.

17 ஏப்ரல்

இன்று அவர் பிறந்தநாள் என்பதால் இழையை மீண்டும் திறக்கிறேன்.

போருக்குப் பிந்தியவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது எனக்கு வருத்தம். எட்டாவது சிம்பொனி ‘மின்னசோட்டா’, 1958. அமெரிக்க மாநிலமான மின்னசோட்டாவின் நூற்றாண்டுக்காக எழுதியது. நோர்வேயிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த மாநிலம் அது. ஊரைவிட்டுப் போனவர்களுக்கு, ஊரிலேயே தங்கிவிட்ட ஒருவர் எழுதிய சிம்பொனி என்று அதைக் கேட்கும்போது என் காது வேறு விதமாகத் திறக்கிறது. எல்லாப் பகுதிகளும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். விழாவுக்கு எழுதியது என்பது சில இடங்களில் தெரிகிறது.

பஸூன் கொன்செர்ட்டோ, ஓபஸ் 44, அப்படியல்ல. பஸூனைச் சிரிப்பு மூட்டும் வாத்தியமாக வைத்திருக்கும் பழக்கத்தை உடைத்து, முதிய ஒருவரின் குரலாக அதைப் பேசவிடுகிறார். முணுமுணுக்கிறது, கோபப்படுகிறது, பாடவும் செய்கிறது. அதில் போரும் இல்லை, கிரீக்கும் இல்லை. இழையைத் தொடங்கிய வாசகர் இன்னும் இங்கே இருந்தால் இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு எழுதட்டும்.

எழுபது வயதைத் தாண்டி எழுதிய மூன்று நால்வர் இசைகளை நான் இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை. வயலின், வயோலா, செல்லோ வாசிக்கும் யாராவது அவற்றின் இசைத்தாளை வைத்துப் பழகியிருந்தால், குறிப்பாக முதலாவது, ஓபஸ் 49ஐ, உள்ளிருந்து எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.